வெர்லினின் கட்சி

வெர்லின் செட்லாசெக் பேச ஆரம்பித்தால் முட்டை ஆறிப்போகும். வைத்த தட்டு வைத்தபடி இருக்க, முள்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார். நான் எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவருவேன். அதுவும் ஆறும். எனக்கு முன்னால் இந்தக் காபிக் கடையை நடத்தியவர் சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "ஜன்னலோர மேசைக்கு மட்டும் முட்டையைக் கடைசியாப் போடு, ஜோனெட். இல்லேன்னா உனக்குத்தான் ரெட்டை வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வெர்லினின் தொழில் பாசன இயந்திரம். சோள வயலுக்கு நடுவே சக்கரங்களின் மேல் நின்றுகொண்டு வட்டமாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்குமே, அது நட்டநடு ஜூலையில் நின்றுபோனால் ப்ரெண்டல் வட்டாரத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெட்டையான ஆள். காதுகள் வெயிலில் வெந்து எப்போதும் சிவந்திருக்கும். மனைவி ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ராண்டா டென்வரில் இருக்கிறாள். இதற்கு மேல் வெர்லினைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஃபுட்பால் என்றுதான் சொல்வார்கள்.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற இந்த அமெரிக்க ஃபுட்பால்மேல் பைத்தியமாக இருப்பது நெப்ராஸ்காவில் ஒரு பெரிய விஷயமில்லை. சம்பளம் வாங்கி ஆடுகிற பெரிய அணி எதுவும் எங்கள் மாநிலத்துக்குக் கிடையாது. பல்கலைக்கழகப் பையன்கள் ஆடுகிற அணி ஒன்றுதான் எங்களுக்கு வாய்த்தது. ஆட்டம் நடக்கும் இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் கல்யாணம் வைத்தால் சொந்தக்காரர்களே கோபித்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்கள் ஜெயித்தால் சிரிப்பார்கள், தோற்றால் முனகுவார்கள், அவ்வளவுதான். வெர்லினுக்கு ஜெயிப்பது மட்டும் போதாது. எப்படி ஜெயித்தோம் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

அவர் கட்சி ஓட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில், ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வருகிறது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு அவனே ஓடலாம், பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுக்கலாம், தூரத்தில் இருப்பவனுக்கு எறியலாம். குவார்ட்டர்பேக் என்றால் ஓடத் தெரிந்தவன், அடி வாங்கத் தெரிந்தவன் என்பது வெர்லினின் கட்சி. எறியத் தெரிந்தவன் என்பது ஆர்டன் வீபுஷின் கட்சி.

ஆர்டன் விதைச்சோளம் விற்கிறவர். ஒல்லி, மெதுவாகப் பேசுவார். சத்தமே போடமாட்டார். வெர்லினுக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது அதுதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வருஷம் கல்யாணம் செய்தவர்கள். என் கடைக்கு அவர்கள் சேர்ந்தே வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் சண்டை.

"ஆகாசத்துல விட்ட பந்து யாருக்குச் சொந்தம், சொல்லு? எவன் புடிக்கிறானோ அவனுக்கு. என் இடுப்புல இடுக்கின பந்து எனக்குச் சொந்தம்."

"உன் இடுப்புல இடுக்கின பந்து ரெண்டு கெஜம் போகும், வெர்லின். அதுக்கப்புறம் உன் மேல ஏழு பேர் படுத்திருப்பானுங்க."

"ரெண்டு கெஜமோ, ரெண்டு அங்குலமோ, என்னுது!"

"உன்னோட ரெண்டு அங்குலத்தைச் சட்டம் போட்டு வீட்டுல மாட்டிக்க. ஆட்டத்துல மத்தவன் ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

மூன்றாவதாக ஒருவர் உண்டு, கேலன் காஷ். எங்கள் மாவட்டத்தின் மண்சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுபவர். கேலனுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. சண்டை தணிகிற மாதிரி தெரிந்தால் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவதுதான் அவர் வேலை. "நேத்து ரேடியோல ஒருத்தன் சொன்னான், ஓடுற குவார்ட்டர்பேக்கெல்லாம் மியூசியத்துக்குப் போக வேண்டியதுதானாம்" என்பார் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. வெர்லினின் முட்டை அன்றைக்கு மூன்று தடவை சூடாகும்.

வருஷக்கணக்காக எங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்தது. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியாக வந்தவர், பழைய ஆட்டத்தையெல்லாம் மூட்டை கட்டுங்கள் என்றார். ஆட்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது, குவார்ட்டர்பேக் பின்னால் தள்ளி நின்று பார்த்துப் பார்த்து எறிவது, இதுதான் இனிமேல் என்றார். அதற்காக டெக்ஸாஸிலிருந்து ப்ரெக்கன் டோல் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார். பத்தொன்பது வயது, குச்சி மாதிரி கால்கள்.

"இவன் கணுக்காலைப் பாரு, ஆர்டன். என் வாக்கிங் ஸ்டிக் இதைவிடத் தடியா இருக்கும்" என்றார் வெர்லின், பத்திரிகைப் படத்தைத் தட்டி. அப்போது அவரிடம் கைத்தடி எதுவும் இல்லை, பேச்சுக்குச் சொன்னது.

ஏப்ரலில் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்காட்டும் ஒத்திகை ஆட்டம் நடக்கும். ஆர்டனின் பிக்கப் வண்டியில் இரண்டு பேரும் போனார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. ஆர்டன் தான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனார். வெர்லின் குறுக்கே பேசவில்லை. முட்டையைச் சூடாகச் சாப்பிட்டார். கேலன் இரண்டு மூன்று தடவை சீண்டிப் பார்த்தார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதோடு வெர்லின் நிறுத்திக்கொண்டார். கோடை முழுவதும் அப்படித்தான். ஏதோ ஒன்றை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில், முதல் ஆட்டத்துக்கு முந்தைய வாரம், அவர் வாயைத் திறந்தார். தட்டைத் தள்ளி வைத்தார். கண்ணில் பழைய வெளிச்சம்.

"ஆர்டன், இதைக் கேளு. அந்தப் பையனைப் பத்தி நான் நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். அவன்கிட்ட இருக்கற விஷயம் என்னன்னா..."

நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம்.

"என்னன்னா, அந்தக் கதவு... கதவு வந்து... செவ்வாக்கிழமை..."

"டோல் பையன்கிட்ட டெக்ஸாஸ் பாஷை கத்துக்கிட்டு வந்துட்டான்யா!" என்றார் கேலன். மேசை முழுக்கச் சிரித்தது. அடுப்படியிலிருந்து நானும் சிரித்தேன். வெர்லினும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, வாயின் ஒரு பக்கம் மட்டும். "செவ்வாக்கிழமை" என்றார் மறுபடி, சத்தமாக. நாங்கள் இன்னும் சிரித்தோம். காபிக் கோப்பை அவர் வலது கையிலிருந்து நழுவி மடியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. சிரிப்பை முதலில் நிறுத்தியது ஆர்டன்தான்.

"வெர்லின்? என்னைப் பாருடா. என்னைப் பாரு."

கேலன் எங்கள் ஊர் ஆம்புலன்ஸின் தன்னார்வ ஓட்டுனரும்கூட. சிரித்த முகம் மாறுவதற்குள் அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

வெர்லின் உயிர் பிழைத்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். முதலில் நகரத்து ஆஸ்பத்திரி, பிறகு நடக்கக் கற்றுக்கொடுக்கிற இடம். அக்டோபரில் ஒரு நாள் காலையில் ஆர்லிஸ் அவரைக் கடைக்கு அழைத்துவந்தார். நான்கு கால் வைத்த கைத்தடி. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. ஜன்னலோரம் அவர் நாற்காலியை யாரும் தொட்டிருக்கவில்லை. வந்து உட்கார்ந்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், "செவ்வாக்கிழமை" என்றார், அன்பாக.

ஆர்லிஸ் எங்களிடம் சொன்னார். "நீங்க பேசறது எல்லாம் அவருக்குப் புரியும். உள்ள எல்லாம் அப்படியே இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சு போச்சு. இந்த ஒரு வார்த்தைதான் தங்கியிருக்கு. ஆமாங்கறதும் இல்லைங்கறதும் சில சமயம் வரும். ஆனா மாறி மாறி வருது. ஆமான்னு தலையாட்டறார்னு நம்பிக் காபி கொடுத்தா, தட்டி விடறார்."

"எழுதிக் காட்டலாமே? இடது கை நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"எழுதினாலும் அதே கதைதான், ஜோனெட். எழுத்து வரும், வார்த்தை வராது."

அதற்குள் எங்கள் அணி ஐந்து ஆட்டம் ஆடி நாலில் தோற்றிருந்தது. டோல் எறிந்த பந்தெல்லாம் எதிரி கையில் போய் விழுந்தது. ஊரே அவன் மேல் பாய்ந்தது. தபால் நிலையத்திலும் தேவாலய வாசலிலும் அவன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். ரேடியோவுக்கு ஒரு பெண்பிள்ளை போன் பண்ணி அந்தப் பையனை டெக்ஸாஸுக்கு மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னாள். வெர்லின் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததெல்லாம் ஒரே மாதத்தில் பலித்துவிட்டது. அவரால் அதைச் சொல்லிக்காட்ட முடியவில்லை.

ஆர்டனுக்கு அது தாங்கவில்லை. அவர் கட்சி தோற்றது பெரிதில்லை. தோற்றதைக் குத்திக்காட்ட ஆளில்லாமல் போனதுதான் பெரிது. இரண்டு மூன்று நாள் மேசையில் மழையைப் பற்றியும் சோளத்தின் ஈரத்தைப் பற்றியும் பேசிப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் ஆர்டன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, வெர்லின். நீ சொல்ல வேண்டியதை நானே சொல்லிடறேன். ஓட்டத்தை விட்டுட்டு எறிய ஆரம்பிச்சோம், இப்ப அனுபவிக்கறோம். ஆர்டன் வீபுஷ் ஒரு முட்டாள். அவனுக்கு விதையும் தெரியாது, ஃபுட்பாலும் தெரியாது. போதுமா?"

வெர்லின் இடது கையால் மேசையை அறைந்தார். கரண்டிகள் குதித்தன. "செவ்வாக்கிழமை!"

"போதலையாம்" என்றார் கேலன். "இன்னும் கொஞ்சம் திட்டு."

"இல்ல. இவன் கோபமா இருக்கான்." ஆர்டன் முன்னால் சாய்ந்தார். "நான் சொன்னது தப்பா? உன் கட்சி அது இல்லையா?"

"ஆமா" என்றார் வெர்லின். உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இல்ல" என்றார். பிறகு மறுபடி "ஆமா." அவர் நெற்றி வியர்த்தது. எது நிஜமான ஆமா என்று அவருக்கே பிடிபடவில்லை போல.

பிறகு அவர் செய்ததை நான் அடுப்படி வாசலில் நின்று முழுக்கப் பார்த்தேன். சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்தார், ஒரே கையால், ஒன்றுக்கொன்று நிறைய இடம் விட்டு. உப்பு டப்பாவைப் பின்னால் தள்ளி வைத்தார். அதன் பக்கத்தில் மிளகு டப்பா. எதிர்ப்பக்கம் காபியில் ஊற்றுகிற சின்னச் சின்ன க்ரீம் கிண்ணங்கள். ஓரத்தில் இருந்த ஒரே ஒரு கிண்ணத்துக்கு முன்னால் மட்டும் எதையும் வைக்கவில்லை. உப்பு டப்பாவை மெல்ல அதை நோக்கி நகர்த்தினார். நிறுத்தினார். அந்தக் கிண்ணத்தை விரலால் தட்டினார். எங்களைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"உப்புதான் குவார்ட்டர்பேக், க்ரீமெல்லாம் எதிராளி" என்றார் கேலன். "ஓடணும்ங்கறான். பழைய பாட்டுதான்."

"பொறு. பழைய ஆட்டம்னா பொட்டலத்தை எல்லாம் நெருக்கி வச்சிருப்பான். இது பரப்பி நிக்கற ஆட்டம். புதுசு." ஆர்டனின் குரல் மாறியிருந்தது. "அந்த ஒருத்தனை வேணும்னே தடுக்காம விட்டிருக்கான். அந்தக் காலத்துல ஓடற ஆட்டத்துல அதுதானே சூட்சுமம்? ஒருத்தனைச் சும்மா விட்டுடணும். அவன் குவார்ட்டர்பேக் மேல பாய்ஞ்சா பந்து பக்கத்துல இருக்கறவனுக்கு. அவன் பக்கத்துல இருக்கறவனைத் துரத்தினா குவார்ட்டர்பேக்கே ஓடணும். புது ஆட்டத்துலயும் அதே ஒருத்தனைப் பார்த்துத்தான் பையன் எறியறான். வெர்லின், ரெண்டும் ஒண்ணுதாங்கறியா? ஏப்ரல்ல பார்த்தது அதுவா? பையன் அதை ஒழுங்காப் பார்க்கறான், பொறுத்துக்கங்கன்னு சொல்றியா?"

வெர்லினின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் மூன்று பேரும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செவ்வாக்கிழமை" என்றார்.

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா. இல்ல. இல்ல. ஆமா."

கையை வீசி மேசையில் இருந்த எல்லாவற்றையும் தரையில் தள்ளினார். உப்பு டப்பா உடைந்தது. கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதைக்காகத் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். அழைத்துப்போக வந்த ஆர்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம். அவர் குனிந்து க்ரீம் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அவருக்கு க்ரீம் வேணும்னு இருந்திருக்கும். வீட்டிலயும் இப்படித்தான், தட்டித் தட்டிக் காட்டுவாரு."

அப்படியும் இருக்கலாம். அதைத்தான் எங்களால் மறுக்க முடியவில்லை.

ஆர்டன் நம்பினார். தன் கட்சியும் வெர்லினின் கட்சியும் ஒன்று என்று வெர்லின் கண்டுபிடித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தார் என்று நம்பினார். அன்றிலிருந்து ஊரில் டோலுக்காகப் பேசிய ஒரே ஆள் ஆர்டன்தான். கடையில் யாராவது பையனைத் திட்டினால், "வெர்லின் அப்படி நினைக்கல" என்பார். "வெர்லின் உங்க காதுல வந்து சொன்னாரா?" என்று சிரிப்பார்கள். வெர்லின் உட்கார்ந்திருப்பார். தன் கட்சி என்ன என்று தன் எதிரிலேயே இரண்டு பேர் அடித்துக்கொள்வதை, ஒரு முகம் மாற்றி ஒரு முகம் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அவர் மேசையை அறைவதை விட்டுவிட்டார். பிறகு வருவதும் குறைந்தது.

அந்தப் பருவம் தோல்வியில் முடிந்தது. ஜனவரியில் டோல் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். செய்தி வந்த அன்று ஆர்டன் வெர்லின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "பையன் போயிட்டான், வெர்லின்." வெர்லின் அழுதார். ஆனால் அந்த நோய் வந்தவர்கள் எதற்கும் அழுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; தொலைக்காட்சியில் நாய் விளம்பரம் வந்தாலும் அவர் அழுவார். அதனால் அந்த அழுகையை வைத்தும் ஆர்டனால் எதையும் முடிவு பண்ண முடியவில்லை.

மார்ச்சில் வெர்லின் பனிக்கட்டியில் வழுக்கி வாசற்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆர்லிஸ் தனியாக அவரைத் தூக்க முடியாது. ராண்டா டென்வரிலிருந்து வந்து, அம்மாவை உட்காரவைத்துப் பேசினாள். செல்டன் ஊரில் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"அவருக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது?" என்று ராண்டா என்னிடம் கேட்டாள்.

"புரியும். அதுதானே கஷ்டம்" என்றேன்.

ஆர்லிஸ் தினமும் காலையில் போய், மதியச் சாப்பாட்டை ஊட்டியதும் வீடு திரும்பிவிடுவார். அடுத்த இலையுதிர்காலம் வந்தது. சனிக்கிழமைகளில் ஆட்டத்துக்கான சேனலைப் போட்டுவிட்டுத்தான் அவர் கிளம்புவார். நானும் ஆர்டனும் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அறுவடை நேரம், அவருக்கும் வேலை, எனக்கும் கடை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆர்டனின் வண்டியில் ஏறினேன். வழி முழுக்க ரேடியோவில் ஆட்டத்தின் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டே போனோம். எங்கள் அணி அதிசயமாக முன்னால் இருந்தது.

"வெர்லின் இப்ப நாற்காலியிலேருந்து குதிச்சிட்டிருப்பான்" என்றார் ஆர்டன்.

இல்லத்தின் நடையில் நுழையும்போதே வெர்லினின் குரல் கேட்டது. தொண்டை கம்மிப் போன குரல். அறையில் இரண்டு கட்டில். மற்றக் கட்டிலில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஒரு பெண் ஆப்பிள் பை என்கிற பலகாரத்துக்கு மாவை மடித்துக்கொண்டிருந்தாள். வெர்லின் சக்கர நாற்காலியில், சட்டைக் காலர் கண்ணீரில் நனைந்திருக்க, இடது கையால் நாற்காலியின் கையைக் குத்திக்கொண்டிருந்தார். குத்திக் குத்தி விரல் முட்டி சிவந்திருந்தது.

பணிப்பெண் எங்களைப் பார்த்ததும் நிம்மதியாக வந்தாள். நல்ல பெண், பாவம். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை.

"நீங்க அவருக்குச் சொந்தமா? மதியத்திலேருந்து இதே கத்தல்தான். செவ்வாக்கிழமை, செவ்வாக்கிழமைன்னு. இன்னிக்குச் சனிக்கிழமைங்க, சனிக்கிழமைங்கன்னு நானும் எத்தனை தடவை சொல்லிட்டேன். காலண்டரைக்கூட எடுத்துட்டு வந்து காட்டினேன்."

"சேனலை யாரு மாத்தினது?" என்றார் ஆர்டன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அந்தத் தாத்தா கேட்டாரு. அப்புறம் அவரு தூங்கிட்டாரு. ஏன், எதாவது..."

ஆர்டன் ரிமோட்டைத் தேடி எடுத்தார். அது ஜன்னல் மேடையில், வெர்லினின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. சேனலை மாற்றினார். மைதானம் வந்தது, சிவப்புச் சட்டை அணிந்த கூட்டம் வந்தது. மூன்றாவது கால் பகுதி நடந்துகொண்டிருந்தது. வெர்லினின் கை நின்றது. முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினார், பாதியில் விட்டுவிட்டார். நான் துடைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பினார். பணிப்பெண் வாசலில் நின்று, "எனக்கு யாரும் சொல்லலையே" என்று இரண்டு தடவை சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு எங்கள் அணி ஜெயித்தது. அதை நாங்கள் மூன்று பேரும் கவனித்தோமா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அதற்கப்புறம் ஆர்டன் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. அறுவடையின் உச்சத்தில் வாடிக்கையாளர்கள் போனில் கத்தினாலும் மதியம் செல்டனில் இருப்பார். முடிந்தபோதெல்லாம் நானும் போனேன். முதலில் இரண்டு வாரம் ஆர்டன் வாய் பேசாமல் ஆட்டத்தைப் பார்த்தார். பதில் சொல்ல முடியாதவனோடு வாதாடுவது அநியாயம் என்று நினைத்தார். மூன்றாவது வாரம் வெர்லின் கைத்தடியை எட்டி எடுத்து அவர் முழங்காலில் குத்தினார்.

"என்னடா?"

மறுபடி குத்து. தொலைக்காட்சியைக் காட்டினார்.

"பேசணுமா? நான் என்னத்தைப் பேச? உன் கட்சி எதுன்னே எனக்குத் தெரியலையே."

குத்து.

அதனால் ஆர்டன் பேசினார். "இந்தப் புதுப் பையன் ஒரு பக்கமாவே பார்க்கறான், பாரு. எறியறதுக்கு முன்னாடியே எதிரிக்கு அட்ரஸ் சொல்லிடறான்." சொல்லிவிட்டு, பழைய நாளில் வெர்லின் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பார். வெர்லின் "செவ்வாக்கிழமை" என்பார், சில சமயம் நக்கலாக, சில சமயம் கோபமாக. ஆர்டன் தலையாட்டுவார். "அதுவும் சரிதான். ஆனா..." என்று தொடங்குவார். மற்றக் கட்டில் பெரியவர் ஒரு நாள் விழித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்குச் சண்டை போடறீங்க?" என்றார். "தெரியலீங்க" என்றார் ஆர்டன்.

நவம்பர் கடைசியில், குடும்பங்கள் கூடுகிற நன்றி விழாவுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். ஆர்லிஸும் இருந்தார், டென்வரிலிருந்து ராண்டாவும் வந்திருந்தாள். கடைசி நிமிஷங்களில் எங்கள் புதுப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினான். வெர்லின் விட்டுவைத்த அந்த க்ரீம் கிண்ணம் மாதிரி, எதிரணியில் ஒருவன் தடுப்பாரில்லாமல் எதிரே நின்றான். பையன் தயங்கினான். எறியவுமில்லை, பக்கத்தில் வந்தவனிடம் கொடுக்கவுமில்லை. அடி வாங்கி விழுந்தான், பந்து கைவிட்டுப் போனது. தோற்றோம்.

ஆர்டன் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். வெர்லின் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்து இழுத்து, முகத்துக்கு நேரே குனியவைத்து, பேசினார். அந்த ஒரே வார்த்தைதான். ஆனால் ஒரு முழுப் பேச்சாகப் பேசினார். ஏறி, இறங்கி, நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, ஓரிடத்தில் லேசாகச் சிரித்து. காபிக் கடையில் முட்டை ஆறப் பேசிய வெர்லினேதான் அது. கடைசியில் குரலைத் தணித்து ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தினார். ஆர்டனின் முகத்தையே பார்த்தார்.

ஆர்லிஸ் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் புரியலடா, வெர்லின்" என்றார் ஆர்டன்.

வெர்லின் சட்டையை விட்டார்.

திரும்பி வரும்போது ஆர்டன் ரேடியோவைப் போடவில்லை. சோளம் அறுத்த வயல்களில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. செல்டன் எல்லை தாண்டிய பிறகு, "புரிஞ்ச மாதிரி தலையாட்டி இருக்கலாமோ, ஜோனெட்?" என்றார்.

"தலையாட்டி இருந்தா நீங்க பொய் சொல்றீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

அடுத்த வாரச் சனிக்கிழமை ஆட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் மதியம் அவர் வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. நான் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஏறினேன். வெர்லின் கட்டிலில் சுவர் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். ஆர்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பயிற்சியாளரைப் பற்றி ஆரம்பித்தார், அடுத்த வருஷம் யாரை நிறுத்தலாம் என்றார், பழைய ஆட்டம் ஒன்றை எடுத்தார். வெர்லின் தூங்கவில்லை, கண் திறந்திருந்ததை நான் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு வண்டி வரும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.